மருந்து சுட்ட வாய்க்கு யார் பொறுப்பு?

வலிப்புக்கு மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. கண் சிவக்கிறது. தொண்டை வலிக்கிறது என்று அழுகிறது. மறுநாள் உதடு வீங்கி, வாய்க்குள் கொப்புளம் கிளம்புகிறது. அதற்கடுத்த நாள் முகத்திலும் மார்பிலும் கருஞ்சிவப்புத் திட்டுகள். பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, ‘அம்மை போட்டிருக்கு’ என்கிறார். வேப்பிலை வருகிறது, இளநீர் வருகிறது, ஆஸ்பத்திரிக்குப் போவது தள்ளிப்போகிறது. இதற்கிடையில் வலிப்பு மாத்திரை மட்டும் வேளை தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ‘ஒரு வேளைகூட விடக் கூடாது’ என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே!

இது அம்மை இல்லை. மருந்து செய்த வேலை. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம் என்று பெயர். தோல் உரியும் பரப்பு உடலில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் இந்தப் பெயர். 30 சதவீதத்தைத் தாண்டினால் டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ். இடையில் இருப்பது இரண்டின் கலவை. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கே வரும் அரிய நோய்தான். ஆனால், கோடிக்கணக்கான மக்கள் வாழும் மாநிலத்தில் அரிய நோயும் ஏதாவது ஒரு வார்டில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

அப்படி வந்துசேரும் குழந்தையின் தோலைப் பார்க்கத் தோல் மருத்துவர் வருகிறார். கண்ணுக்குக் கண் மருத்துவர். குளுக்கோஸ், ரத்தப் பரிசோதனை, கிருமித் தொற்று எல்லாம் குழந்தை மருத்துவர் கையில். வாய்? கேஸ் ஷீட்டில் ‘மவுத் கேர்’ என்று இரண்டு சொல். யார் செய்வது, எதைக் கொண்டு செய்வது, எத்தனை மணிக்கு ஒரு முறை என்பதெல்லாம் எழுதப்படாமலே போவதுண்டு. இந்த இரண்டு சொல் ஒரு முழுமையான மருத்துவ உத்தரவாக மாற வேண்டும்.

நூறாண்டுக்கு முந்தைய இரண்டு சிறுவர்கள்

1922-இல் நியூயார்க்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர்கள் ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், ஃபிராங்க் ஜான்சன் இருவரும் 7, 8 வயதுச் சிறுவர்கள் இருவரைப் பற்றி எழுதினார்கள். விடாத காய்ச்சல், உடலெங்கும் தடிப்பு, வெந்துபோன வாய், அழற்சி கண்ட கண்கள். கட்டுரையின் தலைப்பிலேயே வாய்ப்புண்ணையும் கண் அழற்சியையும் அவர்கள் குறிப்பிட்டிருந்தார்கள். மருந்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு பிற்பாடுதான் தெளிவானது. 1956-இல் ஸ்காட்லாந்தின் தோல் மருத்துவர் ஆலன் லயல், தோல் பாளம்பாளமாகக் கழன்றுவந்த 4 நோயாளிகளை விவரித்தார். உரிந்த தோலின் சதவீதத்தைக் கொண்டு நோயை வகைப்படுத்தும் முறை 1990-களில் நிலைபெற்றது.

வகைப்படுத்த அது நல்ல முறைதான். ஆனால், அந்த அளவுகோலில் வாய்க்கு மதிப்பெண் கிடையாது. தோலில் 3 சதவீதம் மட்டும் உரிந்து, வாய் முழுவதும் வெந்துபோன குழந்தை ‘லேசான கேஸ்’ ஆகிவிடுகிறது. ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்க முடியாமல் இரவெல்லாம் அலறுவதும் அதே குழந்தைதான்.

அம்மையா, மருந்தா?

உடலைக் காக்க வேண்டிய டி அணுக்களும் அவற்றின் கூட்டாளிகளும் ஒரு மருந்தின் தூண்டுதலால் திசைமாறி, தோலின் மேலடுக்கு அணுக்களையே தாக்கிக் கொல்கின்றன. அந்தத் தாக்குதலின் முக்கிய ஆயுதம் கிரானுலைசின் என்ற புரதம். செத்த மேலடுக்கு அடியிலிருந்து கழன்றுவிடுகிறது. வெளித்தோலைவிட மெல்லிய வாய்ச்சவ்வு இதைத் தாங்காது. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றின் சவ்வுகள் பாதிக்கப்படுகின்றன. அவற்றில் முதலிடம் வாய்க்கு. பல நேரங்களில் தோலில் திட்டு தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே வாய் புண்ணாகிவிடுகிறது. சீக்கிரமே எச்சரிக்கும் உறுப்பும் அதுதான்.

சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டாக, வட்டமாக, ஓரம் சிவந்து வரும். கை-கால்-வாய் நோயில் உள்ளங்கையிலும் பாதத்திலும் சிறு கொப்புளங்கள் இருக்கும். ஹெர்பிஸ் கிருமியால் வந்தால் ஈறு வீங்கி ரத்தம் கசியும். மருந்தால் வெந்த வாயில் உதடு முழுக்க ரத்தம் உறைந்த கருப்புப் பொருக்கு கட்டியிருக்கும். உள்ளே வெள்ளைச் சவ்வு கிழிந்து தொங்கும். எச்சில் விழுங்க முடியாமல் வழிந்துகொண்டே இருக்கும். கூடவே கண் சிவப்பும் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. மைக்கோபிளாஸ்மா என்ற நுரையீரல் கிருமியும் குழந்தைகளுக்கு இதே மாதிரி வாயைப் புண்ணாக்கும். எனவே, மருந்து எதுவும் சாப்பிடாத குழந்தைக்கு இப்படி வந்தால் மருத்துவர் அதையும் தேடிப் பார்ப்பார்.

குழந்தைகளிடம் அடிக்கடி பிடிபடும் குற்றவாளிகள் வலிப்பு மருந்துகளான கார்பமசெபின், பெனிடாயின், பினோபார்பிடோன், லாமோட்ரிஜின் ஆகியவையும் கோட்ரைமாக்ஸசோல் போன்ற சல்ஃபா மருந்துகளும். மருந்து தொடங்கிய 4 முதல் 28 நாட்களுக்குள் நோய் தலைகாட்டுவது வழக்கம். வலிப்பு மருந்துகளில் 8 வாரம் வரையிலும் ஆகலாம். இங்கேதான் துப்பு தவறுகிறது. நோயின் முதல் அறிகுறியே காய்ச்சல் என்பதால், அந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்த சிரப் மீது பழி விழுகிறது. இரண்டு வாரமாகப் போய்க்கொண்டிருக்கும் மாத்திரை தப்பித்துக்கொள்கிறது. எனவே, கடந்த இரண்டு மாதங்களில் குழந்தைக்குக் கொடுத்த அத்தனை அட்டைகளையும் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச்செல்ல வேண்டும். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கியதையும் மறைக்கக் கூடாது.

சந்தேக மருந்தை நிறுத்துவதே முதல் சிகிச்சை. உடலிலிருந்து விரைவாக வெளியேறும் மருந்தாக இருந்தால், ஒவ்வொரு நாள் முந்தி நிறுத்தும்போதும் இறப்பு அபாயம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்ததாக 2000-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால், வலிப்பு மருந்தை வீட்டிலேயே நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தாலும் வலிப்பு திரும்பிவிடும். அன்றைக்கே மருத்துவரிடம் போய், மாற்று மருந்தோடு நிறுத்துவதுதான் வழி.

ஒரு முறை வாய் துடைப்பது என்றால்...

ஸ்டீராய்டு கொடுப்பதா, சைக்ளோஸ்போரின் கொடுப்பதா, இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதா என்று உலகம் முழுக்க விவாதம் நடக்கிறது, அது நடக்கட்டும். வாயைப் பொறுத்தவரை என்ன செய்ய வேண்டும் என்பதில் அவ்வளவு குழப்பம் இல்லை. பிரிட்டன் தோல் மருத்துவர்கள் சங்கம் பெரியவர்களுக்கு 2016-லும் குழந்தைகளுக்குத் தனியாகவும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அதை மணிக் கணக்கோடு சொல்லியிருக்கின்றன. அதில் விலை உயர்ந்த பொருள் என்று பெரிதாக ஒன்றுமில்லை.

தினமும் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உதட்டில் இரண்டு மணிக்கு ஒரு முறை வெள்ளை பாரஃபின் களிம்பு தடவ வேண்டும். பொருக்கை உரிக்கக் கூடாது. களிம்பில் ஊறித் தானாகக் கழல விட வேண்டும். பிறகு, வெதுவெதுப்பான சலைனில் நனைத்த பஞ்சு அல்லது கையுறை விரலில் சுற்றிய மெல்லிய காஸ் துணி. அதை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவிலும், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவிலும், நாக்குக்கு அடியிலும் மெதுவாக ஓட்டி எடுக்க வேண்டும். இந்த இடுக்குகள்தான் முக்கியம். சவ்வு உரிந்த இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று தொட்டபடி ஆறினால் ஒட்டிக்கொண்டுவிடும். விரல் ஒரு முறை ஓடி வருவது அந்த ஒட்டுதலைத் தடுக்கத்தான்.

துடைப்பதற்கும் ஊட்டுவதற்கும் முன்னால் வலியைக் குறைக்க வேண்டும். மூன்று மணிக்கு ஒரு முறை பென்சிடமைன் ஸ்பிரே அல்லது கொப்பளிப்பு மருந்து கொடுக்கலாம். அதுவும் போதாத வலிக்கு மார்ஃபின் போன்ற மருந்தை அளந்து கொடுக்கத் தயங்கத் தேவையில்லை. கிருமி சேராமல் இருக்க நாளுக்கு இரண்டு முறை குளோர்ஹெக்ஸிடின். எரிந்தால் பாதிக்குப் பாதி நீர் சேர்க்கலாம். ஆல்கஹால் கலக்காததாக இருப்பது அவசியம். வாய் அழற்சியைத் தணிக்க பீட்டாமெத்தசோன் 0.5 மி.கி. மாத்திரையை 10 மி.லி. நீரில் கரைத்து, நாளுக்கு நான்கு முறை, மூன்று நிமிடம் வாயில் வைத்திருந்து துப்ப வேண்டும். இது துப்பத் தெரிந்த பிள்ளைக்கு. துப்பத் தெரியாத குழந்தைக்கு எந்த மருந்தை எவ்வளவு, எப்படித் தடவுவது என்று மருத்துவர் தனியாக எழுத வேண்டும். புண் ஆறாமல் இழுத்தாலோ வெள்ளை படிந்தாலோ பூஞ்சையும் ஹெர்பிஸும் சேர்ந்துவிட்டனவா என்று மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு முறை சரியாகச் செய்யக் குறைந்தது கால் மணி நேரம் பிடிக்கும். அலறும் குழந்தையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் துடைக்க வேண்டும். இரவு ஷிப்டில் ஒரே செவிலியர் பல கட்டில்களைப் பார்க்கும் வார்டில் இது எப்படி நடக்கும்? நடைமுறையில் அம்மாவின் கையில் பஞ்சைக் கொடுத்துவிடுகிறோம். புண்ணைத் தொட்டால் ரத்தம் வருகிறது, பிள்ளை துடிக்கிறது. எந்த அம்மாவுக்கு மனசு வரும்? இரண்டாவது முறையே நின்றுவிடுகிறது. மருந்து குறைவதால் வாய்ப்பராமரிப்பு தோற்பதில்லை. ஆளும் நேரமும் ஒதுக்கப்படாததால் தோற்கிறது.

கைமருந்தும் கடை ஜெல்லும்

வாய்ப்புண் என்றால் மணத்தக்காளிக் கீரை நமக்குத் தெரிந்த வைத்தியம். சூட்டால் வரும் சில்லறைப் புண்ணுக்கு அது போகட்டும். தோலே கழன்றுகொண்டிருக்கும் குழந்தைக்கு ‘சூடு’ என்று முடிவுகட்டி நாட்களைக் கழிப்பது ஆபத்து. பொரித்த வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவுவது அதைவிட ஆபத்து. புண்ணான சவ்வு வழியாக வெங்காரம் ரத்தத்தில் ஏறும். வெங்காரமும் தேனும் தடவிய ரப்பர் காம்பைச் சப்பிய கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது 1980-களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஒரு வயதுக்குள் தேனே கூடாது.

கடையில் கேட்டதும் கிடைக்கும் ஜெல்களும் குற்றமற்றவை அல்ல. இவற்றில் பலவற்றில் கோலின் சாலிசிலேட் இருக்கிறது. ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பொருள் கொண்ட வாய் ஜெல்களை 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தடவ வேண்டாம் என்று பிரிட்டன் 2009-இல் சொல்லிவிட்டது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல்லைப் பல் முளைக்கும் குழந்தைகளுக்குப் பயன்படுத்துவது வலிப்பு, இதயக் கோளாறு, மரணம் வரை கொண்டுபோகலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2014-இல் எச்சரித்தது. சவ்வு முழுமையாக இருக்கும் வாய்க்கே இந்த எச்சரிக்கை என்றால், சவ்வு உரிந்த வாயில் எவ்வளவு உள்ளே இறங்கும்? பெரிய குழந்தைகளுக்கு மருத்துவர் அளந்து தரலாம். ‘வலிக்கும்போதெல்லாம் தடவுங்க’ என்று ட்யூபைக் கையில் கொடுத்தனுப்புவது சிகிச்சை ஆகாது.

குழாய்க்குப் பயம் வேண்டாம்

வலி குறைந்த நேரம் பார்த்து ஊட்ட வேண்டும். உப்பு, புளி, காரம், சூடு நான்கும் விலக்கு. ஆறிய கஞ்சி, குழையப் பிசைந்த தயிர்சாதம், குளிர்ந்த பால், ஐஸ்கிரீம் எல்லாம் இறங்கும். உறிஞ்சுவது உதட்டை இழுக்கும் என்பதால் ஸ்ட்ராவைவிடச் சிறிய கரண்டி நல்லது. இதற்கும் வழியில்லை என்றால், மூக்கு வழியாக மென்மையான உணவுக்குழாயைச் சீக்கிரமே போட்டுவிட வேண்டும். குழாய் போட்டாலே ‘கடைசிக் கட்டம்’ என்று நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. கையெழுத்துப் போட மறுத்து ஊருக்கு அழைத்துப்போவோரும் உண்டு. உரிந்த தோல் வழியாக நீரும் புரதமும் வெளியேறிக்கொண்டிருக்கும் உடம்புக்குப் பட்டினி தாங்காது. புண் ஆறுவதற்கும் சோறுதான் வேண்டும். சில நாட்களுக்கான உதவி அது. வாய் ஆறியதும் எடுத்துவிடுவார்கள் என்று முன்கூட்டியே எடுத்துச் சொன்னால் பெரும்பாலான பெற்றோர் ஒப்புக்கொள்வார்கள்.

‘ஆறிவிடும்’ என்பது பாதி உண்மை

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, உயிர் பிழைத்தால் போதாதா, வாய் தானாக ஆறிவிடுமே என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பெரியவர்களோடு ஒப்பிட்டால் குழந்தைகள் இந்த நோயிலிருந்து அதிகம் பிழைக்கிறார்கள். வாய்ச்சவ்வும் சில வாரங்களில் மூடிக்கொள்கிறது. ஆனால், மூடியதற்குப் பிறகும் கணக்கு முடிவதில்லை. உதடும் கன்னமும் ஈறோடு ஒட்டிக்கொண்ட குழந்தைக்கு வாய் முழுதாகத் திறக்காது. எச்சில் குறைந்து வாய் வறண்டால் பல் சொத்தையாகும். பல் உருவாகும் வயதில் நோய் வந்தவர்களுக்கு நிரந்தரப் பற்களின் வேர் வளர்ச்சி பாதியில் நின்றுபோனதை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். தோல் மருத்துவரிடம் கடைசி முறை காட்டிவிட்டு வந்த பிறகு, ஆறேழு வருடம் கழித்துத் தெரியும் சேதம் இது.

இன்னொன்று, வாயோடு நிற்கும் விஷயமும் இல்லை இது. இந்த நோய் விட்டுச்செல்லும் மிகப் பெரிய ஊனம் பார்வை இழப்பு. இமையின் உள்விளிம்பு தடித்துச் சொரசொரப்பாகி, ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியைத் தேய்க்கிறது. இதற்கு ஒரு நல்ல சிகிச்சை, உதட்டின் உட்புறத்திலிருந்து சவ்வை எடுத்து இமை விளிம்பில் ஒட்டுவது. குழந்தைகளின் பார்வையை இது காப்பாற்றுகிறது என்று ஹைதராபாதின் எல்.வி.பிரசாத் கண் நிறுவன மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். கருவிழி முற்றிலும் கெட்டுப்போன பெரியவர்களுக்கு, அவர்களுடைய கோரைப்பல்லைச் செதுக்கி அதில் லென்ஸைப் பதித்து, கன்னத்தின் உள்சவ்வால் கண்ணை மூடிப் பொருத்தும் அறுவைசிகிச்சை இருக்கிறது. 1960-களில் இத்தாலியின் பெனடெட்டோ ஸ்ட்ராம்பெல்லி தொடங்கிவைத்த இந்த முறையைச் சென்னை சங்கர நேத்ராலயாவில் செய்கிறார்கள். உதட்டுச் சவ்வும் கன்னத்துச் சவ்வும் பல்லும் நல்ல நிலையில் இருந்தால்தான் இதெல்லாம் கைகூடும். வார்டில் அந்த முதல் இரண்டு வாரம் வாயைக் கவனிப்பது, பின்னாளில் கண்ணுக்குத் தேவைப்படும் கையிருப்பைக் காப்பதும்தான்.

மறுபடி நேராமல் இருக்க

எல்லாவற்றையும் தடுக்க முடியாது, சிலவற்றைத் தடுக்கலாம். லாமோட்ரிஜினைச் சிறிய அளவில் ஆரம்பித்து வாரக் கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும். கடுமையான தடிப்பு குழந்தைகளில் 0.3 முதல் 0.8 சதவீதம் பேருக்கு வரும் என்று அந்த மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பே சொல்கிறது. இது பெரியவர்களைவிட அதிகம். வால்ப்ரோயேட்டோடு சேர்த்துக் கொடுத்தால் லாமோட்ரிஜின் உடலில் இருமடங்கு தேங்கும் என்பதால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

கார்பமசெபின் விஷயத்தில் மரபணுவும் பேசுகிறது. எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அபாயம் மிக அதிகம் என்று தைவான் ஆய்வாளர்கள் 2004-இல் கண்டறிந்தார்கள். 2013-இல் சிங்கப்பூர், ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும் முன் பரிசோதிப்பதை வழக்கமான நடைமுறையாக்கியது. அங்குள்ள தமிழர்களும் இதில் அடக்கம். இந்தியர்களிலும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் ஊரில் எல்லாருக்கும் அந்தச் சோதனை என்பது தூரத்துப் பேச்சாக இருக்கலாம். மருந்து எழுதும்போதே ‘காய்ச்சலோ வாய்ப்புண்ணோ தடிப்போ வந்தால் அன்றைக்கே வாருங்கள்’ என்று சொல்ல எந்தச் சோதனையும் வேண்டாம். ‘ஒரு வேளைகூட விடக் கூடாது’ என்ற அறிவுரையோடு இந்த ஒரு வரியும் சேர்ந்தே போக வேண்டும்.

நேர்ந்துவிட்டால் பதிவுசெய்ய வேண்டும். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் இயங்குகிறது. பக்கவிளைவைப் பொதுமக்களே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். அதற்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. மருத்துவமனையில் படிவம் நிரப்புவது எழுத்து வேலை என்று ஒதுக்கப்படுகிறது. அந்த எழுத்து வேலை நடக்காத வரை, எந்த மருந்து நம் குழந்தைகளை அதிகம் சுடுகிறது என்பதற்கு வேறு நாட்டுப் புள்ளிவிவரத்தைத்தான் புரட்டிக்கொண்டிருப்போம்.

செய்ய வேண்டியவை நான்கு

ஒன்று: கடும் மருந்து ஒவ்வாமையோடு சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பராமரிப்பு அட்டவணை கட்டிலிலேயே தொங்க வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த மருந்து, செய்தவர் கையெழுத்து. ஆன்டிபயாடிக் ஊசிக்கு இருக்கும் அதே ஒழுங்கு இதற்கும் வேண்டும்.

இரண்டு: முதல் நாளிலேயே கண் மருத்துவரோடு பல் மருத்துவரையும் கூப்பிட வேண்டும். வாய்ச்சவ்வு நோய்களுக்கென்றே பல் மருத்துவத்தில் ‘ஓரல் மெடிசின்’ என்று தனித் துறை இருக்கிறது. பல் மருத்துவர்கள் மாவட்ட மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள். பல் பிடுங்க மட்டும்தான் அவர்கள் என்ற எண்ணம் மாற வேண்டும். வீட்டுக்குப் போன பிறகும் நிரந்தரப் பற்கள் முளைக்கும் வரை ஆண்டுதோறும் அவர்கள் பார்க்க வேண்டும்.

மூன்று: அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், கைபிடித்துச் செய்துகாட்டலாம், பொறுப்பை அவர் தலையில் கட்டக் கூடாது. இரவிலும் இந்த வேலைக்கென்று ஒரு செவிலியர் பெயர் ரோஸ்டரில் இருக்க வேண்டும்.

நான்கு: டிஸ்சார்ஜ் அன்று, சுட்ட மருந்தின் மூலப்பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்று பெற்றோர் கைக்கு வர வேண்டும். பிராண்டு பெயர் போதாது; அதே மருந்து வேறு பெயரில் அடுத்த கடையில் இருக்கும். கார்பமசெபின் சுட்டிருந்தால் அதன் சொந்தங்களான பெனிடாயினும் பினோபார்பிடோனும்கூட ஆகாது என்பதும் அந்த அட்டையில் இருக்க வேண்டும். அட்டை கொடுக்காத மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். பள்ளியில் ஒரு நகல், வழக்கமாகப் போகும் மெடிக்கலில் ஒரு நகல், அம்மாவின் கைபேசியில் ஒரு படம். இந்தக் குழந்தைக்கு அதே மருந்தை இரண்டாவது முறை யாரும் எழுதிவிட முடியாதபடி செய்ய இந்த நாட்டில் இன்றைக்கு இருக்கும் மலிவான வழி அதுதான்.